கேத்தூராவின் வலது கால்

“மிதி!”

“மிதிச்சிருக்கேன்.”

“நல்லா மிதி, கேத்!”

“இதுக்கு மேல மிதிச்சா கால் தரைக்கு வந்துடும், கிழவா. அப்புறம் ரெண்டு பேரும் வண்டிய நடந்தே ஓட்டவேண்டியதுதான்.”

ஓட்டுநர் இருக்கையில் கேத்தூரா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் செம்பருத்திப் பூப்போட்ட துணி. அதன் கழுத்துப் பட்டிக்கு கைத்தையல் ஓடிக்கொண்டிருக்கிறது. வெயில் மறைப்புத் தட்டில் நான்கு ஊசிகள், வெவ்வேறு நிற நூல் கோத்துக் குத்தியிருக்கும். இடது காலை மடக்கி இருக்கையின் மேலேயே வைத்துக்கொள்வாள். வலது கால் பிரேக்கின் மேல். கண் தையலில் இருக்கும், காது வண்டியின் பின்பக்கம் இருக்கும். அங்கே பிரேக் விளக்கைக் குடைந்தபடி தலைகுப்புறக் குனிந்துகிடக்கும் அவள் கணவர் எனோசா வைகானாவின் குரல் வரும்: மிதி. விடு. மிதி. விடு. அவள் மிதிப்பாள், விடுவாள், நூலைப் பல்லால் கடிப்பாள்.

ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கு அப்பால் இருக்கும் தேர்ஸ்டே தீவில் கேத்தூராவைத் தெரியாதவர்கள் கிடையாது. மாதர் சங்கத்துக் கணக்கற்ற உடுப்புகள் அவள் தைத்தவை. பிங்கோ ஆட்டத்தில் அவள் பக்கத்தில் உட்காரப் போட்டியே நடக்கும், அடுத்தவர் சீட்டில் விட்டுப்போன எண்ணையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள் என்பதால். ஆனால் தெருவில் போகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி இதுதான்: நகராத வண்டி, அதன் இருக்கையில் தைத்துக்கொண்டிருக்கும் பருத்த பெண், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எனோசாவின் இரண்டு கால்கள்.

“என்னக்கா, இன்னிக்கு எவ்வளவு தூரம் போயிட்டு வந்தீங்க?” என்று பக்கத்து வீட்டு மரேஜா வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்பாள்.

“பாதி ஆஸ்திரேலியா சுத்தியாச்சு. டீ இருந்தா குடு, களைப்பா இருக்கு.”

ஆறு மாதம் தென்கிழக்குக் காற்று அடிக்கும் ஊர் இது. காற்றோடு உப்பும் வரும். கதவுக் கீலில், குழாய்த் திருகில், பைபிளின் ஓரத்தில்கூட வந்து உட்காரும். இங்கே வண்டிகள் ஓடித் தேய்வதில்லை, நின்று துருப்பிடிக்கின்றன. தீவை ஒரு சுற்றுச் சுற்ற பதினைந்து நிமிடம் போதும் என்றாலும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக மனிதர்கள் வாரக்கணக்கில் வண்டிக்கு அடியில் கிடப்பார்கள். எனோசாவுக்கு வண்டியின் எல்லா நோய்க்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். விளக்கு எரியவில்லையா? “உப்பு.” ஹாரன் அடிக்கவில்லையா? “உப்பு.” ஒருமுறை பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றபோதும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டார் என்று கேத்தூரா பிங்கோ மேசையில் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

அவர்கள் இருவரையும் சேர்த்து வைத்ததும் உப்புதான். எனோசா இளவயதில் மேற்குப் பாலைவனத்தில் ரயில் தண்டவாளம் போடப் போனவர். நாலு வருடம் இரும்பின் மேல் இரும்பு மோதும் சத்தத்தில் வேலை செய்து, பாதிக் காதைத் தொலைத்துவிட்டு, ஒரு நீலநிறப் பழைய வண்டியோடு சரக்குக் கப்பலில் ஊர் திரும்பினார். வண்டியைத் துறைமேடையில் இறக்கியபோது பார்க்க ஊரே கூடிவிட்டது. பிரேக் விளக்கு மட்டும் எரியவில்லை. வழியெல்லாம் அலை தெறித்திருந்தது. “யாராவது ஒரு ஆள் ஏறி பிரேக்க மிதிங்களேன்!” என்று அவர் கத்த, அம்மாவுக்காக மாவுமூட்டை வாங்க வந்திருந்த பத்தொன்பது வயதுக் கேத்தூரா கதவுக்கு ஆகப் பக்கத்தில் நின்றாள். ஏறி உட்கார்ந்தாள். காலுக்குக் கீழே மூன்று மிதிகட்டைகள். எது பிரேக் என்று கேட்க வெட்கம். இடது ஓரத்தில் இருந்ததை மிதித்தாள். ஒரு மணி நேரம் அவர் பல்பை மாற்றினார், கம்பியைச் சுரண்டினார், கடலைத் திட்டினார். கடைசியில் யாரோ ஒரு மாலுமி எட்டிப் பார்த்துக் காதோடு சொன்னபிறகு அவள் சத்தமில்லாமல் காலை மாற்றி வைத்தாள். விளக்கு எரிந்தது. எனோசா ஏதோ பெரிய கண்டுபிடிப்புச் செய்தவர்போல நிமிர்ந்து நின்றார்.

“கல்யாணம் முடிஞ்சு, மூணாவது பிள்ள பொறந்த பிறகுதான் உண்மையச் சொன்னேன். அதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா வேற ஆளத் தேடியிருப்பாரு” என்பாள் கேத்தூரா.

அப்போதிலிருந்து முப்பத்தெட்டு வருடம். நீல வண்டி போய் வெள்ளை வந்தது. வெள்ளை போய் இப்போதிருக்கும் பழுப்பு வந்தது. அவளுக்குக் காலக்கணக்கே வண்டியின் கோளாறுகளை வைத்துத்தான். மூத்தவள் நவோமி வயிற்றிலிருந்தது இடது பக்க பல்பு அடிக்கடி செத்துக்கொண்டிருந்த மழைக்காலம். இரட்டைப் பையன்களுக்கு அம்மை போட்டிருந்தது எலி கம்பியைக் கடித்த வருடம். கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு மிதித்திருக்கிறாள். அப்பா இறந்த மறுநாள், சவப்பெட்டியை ஏற்றிப்போக வண்டி வேண்டுமென்பதால், அழுதுகொண்டே மிதித்திருக்கிறாள். எனோசாவின் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே எரிவது இடதா வலதா என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெருநிலத்து நகரங்களான கெயின்ஸுக்கும் டவுன்ஸ்வில்லுக்கும் போனபின், ஒரு நாளில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வது ‘மிதி’, ‘விடு’ என்ற இந்த இரண்டு வார்த்தைகளைத்தான். சண்டையிட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் இவை மட்டும் நிற்கவில்லை.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரி நர்ஸ் இரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். அதற்குள்ளேயே கேத்தூராவின் பாதங்கள் வீங்கி, செருப்பு உள்ளே போகாமலாகியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த இயந்திரம் தீவில் இல்லை, கெயின்ஸில்தான் இருந்தது. நவோமியின் வீட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு சின்ன அறை. தீவிலிருப்பதோ வாடகை வீடு. ஆளில்லாமல் பூட்டிப் போட்டால் கை மாறிவிடும். வரிசையில் நிற்கும் குடும்பங்கள் எத்தனையோ.

“நான் இங்க இருக்கேன். நீ திரும்பி வரும்போது வீடு வேணுமில்ல?” என்றார் எனோசா. திரும்பி வருவதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும். கேத்தூரா ஐந்து புது உடுப்புகளுக்குத் துணி வெட்டினாள். தண்ணீரை அளந்து குடிக்க ஒரு சின்னக் கோப்பையை எடுத்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் படகு. விமான நிலையம் எதிர்த் தீவில். அந்த வாரத் திங்கட்கிழமைதான், தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த போலீஸ் சார்ஜெண்ட் லாய்டு, கடையிலிருந்து எனோசாவின் வண்டிக்குப் பின்னாலேயே வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான்.

“அங்கிள், பிரேக் லைட் ரெண்டும் எரியல.”

“எரியாது சார்ஜெண்ட். உப்பு.”

“உப்போ மிளகோ, சரிபண்ணாம ரோட்டுல எடுக்கக் கூடாது.” முன் கண்ணாடியில் மஞ்சள் காகிதத்தை ஒட்டினான். மரியாதையான பையன்தான், ஒட்டும்போது மூலை மடங்காமல் பார்த்து ஒட்டினான்.

மரேஜாவின் மருமகன் வைத்திருந்த டாக்சியைச் சொல்லிவைக்கலாம் என்று கேத்தூரா சொல்லிப் பார்த்தாள். எனோசா கேட்கவே விரும்பவில்லை. “உன்ன டாக்சில ஏத்தி அனுப்பறதுக்கா இத்தனை வருஷம் இந்த வண்டிய வெச்சிருக்கேன்?” என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை பல்புகள். இரண்டையும் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இழை முழுசாக இருந்தது. பியூஸைப் பார்த்தார், நன்றாகவே இருந்தது. புதன்கிழமை எர்த் கம்பி சேருமிடங்களையெல்லாம் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தார். பின்பக்கத் தரைவிரிப்பைக் கிழித்து, கம்பியை முழம் முழமாகத் தடவிக்கொண்டே வந்தார். இரவுக்கான சின்ன விளக்குகள் எரிந்தன, திரும்புகிற விளக்குகள் சிமிட்டின. பிரேக் விளக்கு மட்டும் எரியவேயில்லை. மிதி. விடு. மிதி. விடு.

புதன் மதியம் கேத்தூரா தையலை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “கிழவா, கோளாறு பின்னாடி இல்ல. இங்க இருக்கு. மிதிச்ச உடனே மேல ‘டிக்’னு ஒரு சின்ன சத்தம் வரும். அது வரல.”

“என்ன சத்தம்?”

“டிக்!”

“டிக்காவது டக்காவது. அப்படி ஒரு சத்தமே இந்த வண்டியில கிடையாது.”

“உன் காதுக்குக் கிடையாது. சத்தம் மட்டும் இல்ல, காலுக்கும் தெரியும். பெருவிரல்ல லேசா ஒரு துடிப்பு வரும். செருப்பு போடாம மிதிக்கறேனே, எனக்குத் தெரியாதா?”

எனோசா இரண்டு நாள் வியர்வையோடு நிமிர்ந்தார். “கேத், நீ மிதிக்கறத மட்டும் பாரு. மத்தத நான் பாத்துக்கறேன்.”

அவள் ஊசியைத் துணியில் குத்தி, துணியை மடித்தாள். “முப்பத்தெட்டு வருஷமா மிதிக்கறத மட்டும்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அதனாலதான் சொன்னேன்” என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு வீங்கிய கால்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்து இறங்கி, உள்ளே போய்விட்டாள்.

முப்பத்தெட்டு வருடத்தில் வேலை முடியுமுன் அவள் எழுந்து போனது அதுவே முதல் தடவை. எனோசா ஒரு துடைப்பக்கட்டையை எடுத்துவந்து, ஒரு முனையை பிரேக்கின் மேலும் மறுமுனையை இருக்கையின் கீழும் முட்டுக்கொடுத்தார். பின்னால் நடந்து போவதற்குள் கட்டை வழுக்கி விழுந்தது. திரும்பி வந்து கொடுத்தார். மறுபடி விழுந்தது. இந்தமுறை ஹாரனில் மோதி அலற வைத்துவிட்டு விழுந்தது. அடுக்களை ஜன்னலிலிருந்து கேத்தூரா பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே, தான் போனபிறகு இந்த மனிதர் நாள் தவறாமல் இப்படித் துடைப்பக்கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

வியாழக்கிழமை காலை, தேநீர் ஆறிக்கொண்டிருக்க, எனோசா அடுக்களை வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது.

“என்ன டிக்?” என்றார்.

அவள் போய் உட்கார்ந்தாள். எனோசா பக்கத்து இருக்கையின் மேல் கால்களைப் போட்டுக்கொண்டு, தலையை மிதிகட்டைகளுக்கு அடியில் நுழைத்து, அவள் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். பிரேக் கம்பியின் தலைப்பில் கட்டைவிரலளவு ஒரு சுவிட்சு. மிதிக்கும்போது அதன் முனை வெளியே வர வேண்டும். அவள் மிதித்தாள். எனோசா காதை நம்பவில்லை, சுவிட்சின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். முனை அசையவேயில்லை.

“கொண்டை ஊசி ஒண்ணு குடு.”

சுவிட்சிலிருந்து இரண்டு கம்பிகளையும் உருவி, ஊசியால் அவற்றின் முனைகளை இணைத்தார். “மரேஜா! பின்னாடி பாரு!”

“எரியுதண்ணே! ரெண்டும் எரியுது! கிறிஸ்துமஸ் மாதிரி எரியுது!”

சுவிட்சைக் கழற்றி, கத்தியால் நெம்பித் திறந்தார். உள்ளேயிருந்த சுருள்வில் தேநீர்த் தூள்போல உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. எனோசா அதைக் கேத்தூராவின் மூக்குக்கு நேரே நீட்டினார். முகமெல்லாம் வெற்றி.

“பாத்தியா? உப்பு!”

“ஆமா, நீதான் கண்டுபிடிச்சே” என்றாள் கேத்தூரா.

புதுச் சுவிட்சு வரவேண்டுமென்றால் அடுத்த செவ்வாய்க்கிழமைச் சரக்குக் கப்பல்தான். கேத்தூரா உள்ளே போய் அழுத்தினால் முனை வெளியே வரும் மாதர் சங்கப் பேனாவை எடுத்துவந்தாள். சங்கச் செயலாளர் பொறுப்பை அந்த வாரம்தான் வேறொருத்தியிடம் ஒப்படைத்திருந்தாள். பேனாவை மட்டும் கொடுக்க மறந்திருந்தாள், அல்லது கொடுக்கவில்லை. எனோசா பேனாவின் வில்லை உருவி, இரண்டு சுற்று வெட்டி, சுவிட்சுக்குள் வைத்து, மூடியைத் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டினார். மறுபடி மாட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். “வந்துடுச்சு.”

மாலை நாலு மணிக்கு சார்ஜெண்ட் லாய்டு வந்து, பின்னால் நின்று, இரண்டு தடவை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மஞ்சள் காகிதத்தைக் கிழித்தான். “நல்லபடியா போயிட்டு வாங்க ஆன்ட்டி” என்றான். ஊருக்குள் செய்தி அவ்வளவு தூரம் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே கிளம்பிவிட்டார்கள். இரண்டு பெட்டி, சுருட்டிய பாய், வாழையிலையில் பொதிந்த பொரித்த மீன். ஜெபக்குழுப் பெண்கள் வந்து பாடி, கட்டிப்பிடித்து, ஊர் வழக்கப்படி அவள் தோள்களில் முகப்பவுடர் பூசிவிட்டு மாலை போட்டிருந்தார்கள். “படகுக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு” என்றார் எனோசா. அவளும் “இருக்கு” என்றாள். வண்டி படகுத்துறைப் பக்கம் திரும்பாமல், தீவின் பின்புறச் சாலையில் திரும்பியது. இறங்கியிருந்த கடலில் திட்டுத்திட்டாகப் பாறை தெரிந்தது. கல்லறைத் தோட்டத்தை அடுத்து வீடுகளே இல்லாத நீளமான வெறும் சாலை வந்ததும் அவள் சொன்னாள்:

“நிறுத்து. இறங்கு.”

“என்ன, வாந்தி வருதா?”

“இந்தப் பக்கம் வா. நான் ஓட்டறேன்.”

எனோசா அவளையும் சாலையையும் பார்த்தார். “உனக்கு லைசென்ஸ் இல்ல.”

“என்ன பண்ணுவான் சார்ஜெண்ட்? தீவ விட்டு அனுப்பிடுவானா?”

அவர் இறங்கிச் சுற்றி வந்தார்.

“இடது கால்ல கிளட்ச்சு. அதுதான்...”

“தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு மணி நேரம் மிதிச்சவ நான்.”

மூன்று தடவை வண்டி குதித்து நின்றது. மூன்றாவது தடவை பெட்டி உருண்டு மீன் பொட்டலத்தின் மேல் விழுந்தது. நாலாவது தடவை முதல் கியரில் உறுமிக்கொண்டு நகர்ந்தது. சாலை நகர்ந்தது, தென்னைகள் நகர்ந்தன. கேத்தூரா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும், பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கண்ணாடி வழியாக இதுவரை தெரிந்ததெல்லாம் வீட்டுச் சுவரும் மரேஜாவின் கொடியில் காயும் துணிகளும்தான். இப்போது கடல் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. சத்தமாகச் சிரித்தாள். எனோசா பல்லைக் கடித்துக்கொண்டு கதவைப் பிடித்திருந்தார். “மெதுவா, மெதுவா” என்றார். வண்டி மாட்டுவண்டியைவிடவும் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போய் அவளே நிறுத்தினாள். “இறங்கிப் பின்னாடி வா. நின்ன வண்டியிலதானே நீ எப்பவும் பாத்திருக்கே. ஓடும்போது எரியுதான்னு பாரு.”

எனோசா இறங்கினார். வண்டி மறுபடி குதித்துக் கிளம்பியது. அவர் பின்னால் நடந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவள் கத்தினாள்: “மிதிக்கறேன்!”

“எரியுது!”

“விடறேன்!”

“அணைஞ்சிடுச்சு!”

பத்தடிக்கு ஒருமுறை காரணமில்லாமல் மிதித்தாள். வெறும் சாலையில், பட்டப்பகலில், சிவப்பு பூத்துப் பூத்து அணைந்தது. அவருடைய முழங்கால்கள் அவ்வளவு வேகத்துக்கே திணறின. வண்டி முன்னே போகப் போக, “எரியுது” என்ற குரல் சின்னதாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் காற்றில் கேட்காமல் போனது. வளைவு வந்தபோது கேத்தூரா பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து, அவர் வந்து சேரட்டும் என்று பின்கண்ணாடியைப் பார்த்தாள்.

தூரத்தில், சாலையின் நடுவில், எனோசா நின்றிருந்தார். வண்டி நின்றுவிட்டதையும் சிவப்பு எரிந்துகொண்டேயிருப்பதையும் அவர் பார்த்தார். பார்த்தும் வரவில்லை, வந்து ஏறினால் அடுத்தது படகுத்துறைதான். ஓரத்துப் பாறைக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு செருப்பைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். உள்ளேயிருந்து மணலோ கல்லோ எதுவும் விழவில்லை. அதை மெதுவாகப் போட்டுக்கொண்டு மற்றதைக் கழற்றினார். அதையும் தட்டி, துடைத்து, வாரைத் தடவிச் சரிசெய்து, மறுபடி தட்டினார்.

கேத்தூரா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிரேக்கிலிருந்து காலையும்.